நீளப் பலகையைப் பரணிலிருந்து இறக்குங்கள்: குழந்தை வளர்ச்சிக்கு அளவுகோல் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக சுகாதார நிறுவனத்தில் குழந்தை வளர்ச்சி அளவுகோல்களை வகுப்பவர்களுக்கும், அவற்றை அட்டையாக அச்சடித்துத் தாய்மார்கள் கையில் கொடுக்கும் எல்லா நாட்டுச் சுகாதாரத் துறைகளுக்கும்,

வணக்கம்.

கைக்குழந்தைகளை எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பது என் வேலை. இருபத்தைந்து ஆண்டு ஆகப்போகிறது. உங்களில் பலர் இந்தத் துறையில் பெரிய படிப்புப் படித்தவர்கள். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதும், அதற்கு மேல் தேடிப் படித்ததும்தான் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போன மாதம் ஒரே காலையில் இரண்டு பெண் குழந்தைகள் அடுத்தடுத்து வந்தார்கள். இருவருக்கும் ஆறு மாதம். இருவரும் 6.6 கிலோ. அட்டையில் இரண்டு புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தன. நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, கவலைப்படத் தேவையில்லாத இடம். எடையோடு நிறுத்தியிருந்தால் இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருப்பேன். அன்றைக்குக் கூடமாட ஒரு ஆள் இருந்தார், கொஞ்சம் நேரமும் இருந்தது. நீளப் பலகையை எடுத்து இருவரையும் படுக்கவைத்து அளந்தோம். முதல் குழந்தை 67 சென்டிமீட்டர். இரண்டாவது குழந்தை 61.

ஆறு மாதக் குழந்தைக்கு ஆறு சென்டிமீட்டர் என்பது சின்ன வித்தியாசம் இல்லை. உங்கள் அட்டவணையில் அந்த வயதுப் பெண் குழந்தையின் நடு நீளம் 65.7. 61.2க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றிய குழந்தை என்று கணக்கு. முதல் குழந்தை நெடுநெடுவென்று வளர்ந்த, சற்று ஒல்லியான பிள்ளை. இரண்டாவது பிள்ளை உருண்டு திரண்டு, கன்னமும் தொடையும் சதை மடிப்பாக இருந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் வாங்கிவாங்கிக் கொஞ்சியது அவளைத்தான். வளர்ச்சி தேங்கியிருந்ததும் அவளுக்குத்தான். ஒல்லிப் பிள்ளையின் அம்மா முகம் வாடி உட்கார்ந்திருந்தார். "இவ மட்டும் ஏன் தேறவே மாட்டேங்கறா?" என்று கேட்டார்.

ஒரே எடை, ஒரே வயது. ஆனால் அந்த 6.6 கிலோவுக்குள் இருப்பது வேறு வேறு. ஒருத்திக்கு அதில் எலும்பும் தசையும் உறுப்புகளும் கூடுதல். இன்னொருத்திக்குக் கொழுப்பு கூடுதல் என்று அவள் நீளமும் சதை மடிப்பும் சொல்கின்றன. நான் வைத்த புள்ளிக்கு இது எதுவும் தெரியாது.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அது சம்பிரதாயத்துக்கு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் இருந்தது பழைய அட்டை. 1977இல் அமெரிக்காவில் தொகுத்த அட்டவணையை வைத்து வரைந்த வளைகோடுகள் அவை. கைக்குழந்தைகளுக்கான பகுதி ஒஹாயோ மாநிலத்தில், யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரை மையமாக வைத்துப் பல பத்தாண்டுகள் நடந்த ஒரே ஆய்விலிருந்து வந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அளக்கப்பட்டவர்கள். அந்த வளைகோடு உலகம் முழுக்கப் போனது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக எடை ஏறும், அப்புறம் வேகம் குறையும். அதன் இயல்பே அப்படித்தான். பழைய அட்டையிலோ நாலாம் மாதத்திலிருந்து அந்தக் குழந்தை கோட்டைவிட்டு இறங்குவதுபோல் தெரியும். நானே எத்தனையோ அம்மாக்களிடம் "பால் பத்தலை போல, வேற ஏதாவது சேர்த்துக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைக்கு, தப்பான கோட்டைப் பார்த்து, தேவையில்லாத புட்டியைக் கொடுக்கவைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

நீங்கள் அதை மாற்றினீர்கள். 1997 முதல் 2003 வரை பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, இந்தியாவின் டெல்லி, நார்வேயின் ஆஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ் என ஆறு ஊர்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தீர்கள். அளந்தது யாரை என்பதில்தான் அந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள், புகைபிடிக்காத தாய்மார்கள், வளர்ச்சிக்கு இடைஞ்சல் இல்லாத வீடுகள். குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று கேட்காமல், தடையில்லாமல் விட்டால் எப்படி வளர்வார்கள் என்று கேட்டீர்கள். 2006 ஏப்ரலில் வந்த விடையைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறு ஊர்க் குழந்தைகளும் நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் வளர்ந்திருந்தார்கள். நீளத்தில் தெரிந்த மொத்த வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு சுமார் 3 சதவீதம். ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாடு சுமார் 70 சதவீதம். எந்தக் கண்டத்தில் பிறந்தது என்பது, முதல் ஐந்து வயதில், அவ்வளவு பெரிய விஷயமே இல்லை.

"எங்க பரம்பரையே குட்டைங்க" என்று சொல்லிக் குன்றிய வளர்ச்சியை மூடி மறைக்கும் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இதற்குப் பிறகு 2009இல் தொடங்கிய இன்டர்குரோத்-21 ஆய்வும் பெலோட்டாஸ், டூரின், மஸ்கட், ஆக்ஸ்ஃபோர்டு, சியாட்டில், பெய்ஜிங்கின் ஷுன்யி, நாக்பூர், நைரோபி என எட்டு இடங்களில் கருவில் இருக்கும் குழந்தையிலிருந்தே பார்த்து, ஏறக்குறைய இதையே சொன்னது.

சரி, நீளம் ஒன்றுபோல். அந்த நீளத்துக்குள் இருக்கும் சரக்கு? நான் கேட்க வந்தது அங்கேதான் தொடங்குகிறது.

புணேவுக்குப் பக்கத்து ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கிய ஆய்வு உங்களுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். புணேக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுதாம்ப்டன் குழந்தைக்கு 3.5 கிலோ. முக்கால் கிலோவுக்கு மேல் குறைவு. எல்லாமே அதே விகிதத்தில் குறைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. தசையும் வயிற்று உறுப்புகளும் ரொம்பக் குறைந்திருந்தன. தோள்பட்டைக்குக் கீழே முதுகில் தோலை மடித்து அளந்தால் கிடைக்கும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. இருந்த கொஞ்சத்தில் உடம்பு மற்றதை விட்டுக்கொடுத்துவிட்டுக் கொழுப்பைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஒல்லியான, ஆனால் கொழுத்த குழந்தை என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். பிறகு 2009இல் புணேக் குழந்தைகளையும் லண்டன் குழந்தைகளையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, எடை குறைந்த புணேக் குழந்தைகளிடம் மொத்தக் கொழுப்பு லண்டன் குழந்தைகள் அளவுக்கே இருந்தது, வயிற்றுப் பகுதியில் கூடுதலாகவே இருந்தது.

இதே யாக்னிக் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஒரு படத்தை நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி காட்டுவேன். அவரும் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். எடையையும் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. என்ற எண் இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பு ஒருவருக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். வளர்ந்த மனிதர்களிடம் எடையும் உயரமும் சேர்ந்தே இவ்வளவு மறைக்கிறது என்றால், எடையை மட்டும் வைத்து ஒரு பச்சிளங்குழந்தையைப் பற்றி நாம் என்ன சொல்லிவிட முடியும்?

எத்தியோப்பியாவின் ஜிம்மாவில் நடந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. குழந்தையை ஒரு சின்னக் கூண்டுக்குள் படுக்கவைத்து, அது இடம்பெயர்க்கும் காற்றை அளந்து உடம்பின் கன அளவையும், அதிலிருந்து கொழுப்பையும் கணக்கிடும் கருவி இருக்கிறது. பீ பாட் என்பார்கள். ஓரிரு நிமிடம்தான் ஆகும், ஊசி கிடையாது, கதிர் கிடையாது, குழந்தை அழுதாலும் அசைந்தாலும் பரவாயில்லை. அதை வைத்து ஜிம்மாக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்தார்கள். பிறக்கும்போது கொழுப்பு நீங்கலான எடை கூடுதலாக இருந்த குழந்தைகள் இரண்டு வயதில் வளர்ச்சிப் படிகளில் முன்னால் இருந்தார்கள். கொழுப்புக்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. எடை என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு கதைகள் ஓடுகின்றன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் கொழுப்பைக் கண்டு பயப்படும் இன்னொரு கூட்டம் கிளம்பும் என்பதால் உடனே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்குக் கொழுப்பு எதிரி அல்ல. மனிதக் குட்டி பெரும்பாலான விலங்குகளின் குட்டிகளைவிடக் கொழுப்போடுதான் பிறக்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல், கொழுப்பு. நாலைந்து மாதத்தில் அது கால் பங்குக்கு வந்துவிடும். பிறகு தவழ்ந்து, எழுந்து நடக்கும்போது விகிதம் தானாக இறங்கும். உடம்பு எரிக்கும் சக்தியில் பாதிக்கும் மேல் அந்த வயதில் மூளைக்கே போகிறது. ஒரு வாரம் காய்ச்சல் வந்து பால் குடிக்காமல் கிடந்தால் மூளைக்குக் கஞ்சி ஊற்றுவது இந்தச் சேமிப்புத்தான். ஐந்து மாதக் குழந்தையின் தொடை மடிப்பைப் பார்த்துப் பாலைக் குறைக்கச் சொல்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதுவும் அதே அளவு தப்பு. எந்த மாதத்தில் எவ்வளவு, எந்த நீளத்துக்கு எவ்வளவு என்று தெரியாமல் கூட்டச் சொல்வதும் குறைக்கச் சொல்வதும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வைத்தியம்.

பின்னால் என்ன ஆகும் என்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டிவிட்டன. டெல்லியில் பிறந்ததிலிருந்து தொடரப்பட்டவர்களை 26 முதல் 32 வயதுக்குள் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்கள் யார் என்றால், இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, பிறகு மற்றவர்களைவிடச் சீக்கிரமே சதை போடத் தொடங்கி, மளமளவென்று பி.எம்.ஐ. ஏறியவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை. அதாவது எந்தப் பள்ளிப் பரிசோதனையும் அவர்களைப் பிடித்திருக்காது. பிறகு பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா என ஐந்து நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் சொன்னதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டில் நீளம் நன்றாகக் கூடியவர்கள் வளர்ந்தபின் உயரமானார்கள், கூடுதல் காலம் படித்தார்கள். நீளத்தை மிஞ்சி எடை ஏறியவர்களுக்கு, முக்கியமாக இரண்டு வயதுக்குப் பிறகு ஏறியவர்களுக்கு, அதிக எடையும் ரத்த அழுத்தமும் வந்தன.

இரண்டு வயதுக்குள் நீளம் சேர வேண்டும். ஐந்து நாட்டு ஆய்வின் சாரம் அவ்வளவுதான். ஆனால் இரண்டு வயதுக்குள் நாங்கள் மாதாமாதம் அளப்பது எது? எடை.

ஏன் என்பது எனக்குத் தெரியும். தராசு எளிது. குழந்தையை வைத்தால் எண் வந்துவிடும், ஒரு ஆள் போதும். நீளம் அப்படி இல்லை. பலகையில் துணி விரித்து, குழந்தையைப் படுக்கவைத்து, ஒருவர் தலையை இரு கையாலும் பிடித்து உச்சி தலைப்பலகையில் படும்படி வைக்க வேண்டும். கண் நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் ஒரு கையால் இரண்டு முழங்காலையும் மெல்ல அமுக்கி நீட்டி, மறுகையால் கால்பலகையைத் தள்ளி, குதிகால் இரண்டும் பதிந்ததா, விரல்கள் மேல்நோக்கி இருக்கின்றனவா என்று பார்த்து, குழந்தை அடுத்த உதை விடுவதற்குள் எண்ணைப் படிக்க வேண்டும். பிறந்த குழந்தை காலை மடக்கியே வைத்திருக்கும். எட்டு மாதக் குழந்தை புரண்டுவிடும். அம்மா பக்கத்தில் முகம் தெரியும்படி நிற்காவிட்டால் வீறிட்டு அழும். ஒற்றை ஆளாக அளந்தால் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் எங்கேயோ போய்விடும். உங்கள் ஆறு ஊர் ஆய்விலேயே இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, வித்தியாசம் 7 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மறுபடி அளந்தார்கள். அவ்வளவு பாடுபட்டு வகுத்த அளவுகோலை, மூச்சு முட்டும் கூட்டத்தில் தன்னந்தனியாக நிற்கும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, "நீளமும் அளக்கவும்" என்று ஒரு வரி எழுதினால் ஆகுமா? பல இடங்களில் பலகை பரண்மேல் இருக்கிறது. சில இடங்களில் கால்பலகை ஆடிப்போய், எண் அழிந்துபோய் இருக்கிறது. சில இடங்களில் பலகையே இல்லை, அம்மாவின் மடியிலேயே இஞ்சு நாடாவைப் பிடித்துவிட்டு எண்ணை எழுதுகிறார்கள்.

அதனால் நடப்பதையும் சொல்கிறேன். எடைப் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் அம்மாவுக்கு ஒரே அறிவுரை: எடை ஏற்று. கோட்டுக்கு மேலே வந்துவிட்டால் ஒரே பாராட்டு: நல்லாத் தேறிட்டான். நீளம் கூடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எடையை மட்டும் ஏற்றுவது சுலபம், அதுதான் ஆபத்து. பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் முதல் வயதில் புரதம் கூடுதலான பால்மாவையும் குறைவான பால்மாவையும் கொடுத்து ஒப்பிட்ட சோதனையில், கூடுதல் புரதம் குடித்த குழந்தைகளுக்கு இரண்டு வயதில் எடை அதிகமாக இருந்தது, நீளத்தில் வித்தியாசம் இல்லை. ஆறு வயதில் அவர்களிடையே பருமன் கூடியிருந்தது. மாதாந்திர எடைப் புள்ளியை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் குழந்தைகளையும் நாங்கள் பாராட்டித்தான் அனுப்பியிருப்போம்.

உங்கள் நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, 2022இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 14.8 கோடிப் பேர் வளர்ச்சி குன்றியவர்கள், 4.5 கோடிப் பேர் மெலிந்தவர்கள், 3.7 கோடிப் பேர் அதிக எடை கொண்டவர்கள். இந்த மூன்று கூட்டமும் மூன்று தனித்தனி உலகங்களில் வாழவில்லை. ஒரே தெருவில், ஒரே வீட்டில், சில நேரம் ஒரே குழந்தையின் உடம்பிலேயே இரண்டு சேர்ந்து இருக்கின்றன. நான் மேலே சொன்ன 61 சென்டிமீட்டர்க் குழந்தை அதிக எடைக் கணக்கில் வரமாட்டாள், ஆனால் நீளம் குன்றியும் சதை போட்டும் இருக்கிறாள்.

இன்னொரு பக்கமும் ஒரு கவலை இருக்கிறது. புணே ஆய்வைப் போன்றவற்றைக் காட்டி, "இந்த நாட்டுக் குழந்தைகளின் வார்ப்பே அப்படி, இவர்களுக்குத் தனி அட்டை போட்டுவிடலாம்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் சில நாடுகளில் குழந்தைகள் உங்கள் கோடுகளைவிடச் சற்றுப் பெரிதாக வளர்வதைக் காட்டிச் சொந்த அட்டையே போதும் என்கிறார்கள். நாட்டுக்கு நாடு சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் குறை நடந்த இடத்தில் அந்தக் குறையையே அளவுகோல் ஆக்கினால், குறை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். புணேக் குழந்தையின் உடலமைப்பு விதியும் அல்ல, இனமும் அல்ல. அந்தத் தாய் எவ்வளவு உயரம், அவள் சிறுமியாக இருந்தபோது எப்படி வளர்ந்தாள், கர்ப்பத்தில் என்ன கிடைத்தது, எவ்வளவு வேலை செய்தாள், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது, இதெல்லாம் அதற்குள் இருக்கிறது. 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்து 2008இலும் 2009இலும் முடிவுகளை வெளியிட்ட ஹாப்போ ஆய்வில், தாயின் ரத்தச் சர்க்கரை படிப்படியாகக் கூடக்கூடக் குழந்தையின் கொழுப்பும் படிப்படியாகக் கூடியது. எந்த நாட்டுத் தாயாக இருந்தாலும் அதே கதைதான். மாற்றக்கூடிய காரணங்களை இனத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

உடலமைப்புக்கென்றே பல நாட்டு அட்டவணை இப்போது வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த மடலை எழுதத் தைரியம் கொடுத்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆதரவில் ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, இலங்கை என ஆறு நாடுகளில் பிறந்தது முதல் 24 மாதம் வரை குழந்தைகளின் கொழுப்பையும் கொழுப்பற்ற எடையையும் அளந்து 2023இல் வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்துக்குப் பெரும்பாலும் காற்றுக் கூண்டுக் கருவி. வளர்ந்த குழந்தைகளுக்கு டியூட்டீரியம் கலந்த நீர். அது கதிரியக்கம் இல்லாத, கொஞ்சம் கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர். அதைச் சிறிதளவு குடிக்கவைத்து, முன்னும் சில மணி நேரம் கழித்தும் எச்சிலை எடுத்துப் பார்த்தால், உடம்பில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரியும். கொழுப்பில் நீர் இல்லை. ஆகவே நீரை அளந்தால் கொழுப்பற்ற எடை கிடைக்கும், மீதி கொழுப்பு. எச்சில் எடுப்பது எப்படித் தெரியுமா? சின்னப் பஞ்சை வாயில் கன்னத்து ஓரமாக வைத்து, குழந்தை அதைச் சப்பும்வரை பொறுமையாகக் காத்திருந்து, நனைந்த பஞ்சை ஊசிக்குழாயில் போட்டுப் பிழிவது. அணுவின் எடையை அளக்கும் விஞ்ஞானம் கடைசியில் ஒரு குழந்தை பஞ்சைச் சப்பும் நேரத்துக்காகக் காத்து நிற்கிறது. அந்தப் பொறுமையோடு இத்தனை நாட்டில் இந்த வேலையைச் செய்தவர்களை நான் வணங்குகிறேன்.

அந்த அட்டவணை ஆராய்ச்சிக் கட்டுரைக்குள்ளேயே கிடக்கக் கூடாது. காற்றுக் கூண்டையும் கனநீரையும் என் மேசைக்கு அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. நான் கேட்பது நாளைக்கே தொடங்கக்கூடிய விஷயங்கள்.

முதலாவது, நீளம். எடை அளக்கும் ஒவ்வொரு இடத்திலும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு பேர் சேர்ந்து அளக்க ஆளும் நேரமும் ஒதுக்கப்பட்டதா என்று நாடுகளிடம் கணக்குக் கேளுங்கள். எத்தனை பலகை வாங்கினீர்கள் என்று கேட்டால் வாங்கிப் பரண்மேல் வைத்துவிடுவார்கள். எத்தனை குழந்தைக்கு இருவர் அளந்தார்கள், இருவர் எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். இதற்கு ஆகும் செலவு, சம்பளத்தைத் தவிர, ரொம்பச் சின்னது.

அடுத்தது, அட்டை. பெரும்பாலான அட்டைகளில் முதல் பக்கம் எடைக்கு, நீளம் உள்ளே எங்கேயோ, நீளத்துக்கேற்ற எடை என்ற கோடு பல நாடுகளில் இல்லவே இல்லை. நீளத்தையும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கோடும் ஒரே பார்வையில் விழுந்தால், அதிகம் படிக்காத அம்மாவுக்கும் புரியும். நான் துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டியபோது உடனே புரிந்துகொண்டார்கள்.

உடலமைப்பு அட்டவணையை, முடிந்த இடங்களில், குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்து பிறந்தவர்களுக்கும் முதலில் பயன்படுத்துங்கள். குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் வளர்ந்த குழந்தை, நிறைமாத நாளை எட்டும்போது, பொதுவாக நீளம் குறைந்தும் கொழுப்பு விகிதம் கூடியும் இருக்கிறது. எடை ஏறினால் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற ஒரே இலக்கு அதில் எந்த அளவு எதை வளர்த்தது என்று காட்டாது. தீவிர மெலிவுக்கு மருந்துணவு கொடுத்துத் தேற்றும் திட்டங்களிலும் இதே கேள்வி இருக்கிறது: ஏறிய எடையில் தசை எவ்வளவு? கைச்சுற்றளவு நாடா 115 மில்லிமீட்டரைத் தாண்டி 125ஐத் தொட்டதும் குழந்தை உயிர் தப்பியது, அது பெரிய விஷயம். அதோடு விட்டுவிடாமல், ஆறு மாதம் கழித்து அந்தக் குழந்தை எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்றும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஆறு நாடு போதாது. 2006 அளவுகோலுக்குச் செய்ததுபோல, தடையில்லாமல் வளரும் குழந்தைகளை இன்னும் பல நாடுகளில், உடலமைப்போடு சேர்த்து அளக்க வேண்டும். நீளம் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் வந்தது என்று கண்டீர்களே, கொழுப்பும் தசையும் நல்ல சூழலில் எந்த அளவுக்கு ஒன்றுபோல் வரும் என்ற கேள்விக்கு அதே தரத்தில் விடை வேண்டும். ஒரு தலைமுறையில் சரியாகிவிடுமா, அம்மா சிறுமியாக இருந்தபோதே தொடங்க வேண்டுமா என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

கடைசியாக, எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வார்த்தைகள். பயிற்சிக் கையேடுகளில் இன்னும் "எடை போதவில்லை, ஊட்டத்தை அதிகரிக்கவும்" என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் ஒரு தாயைத் தூங்கவிடாமல் செய்யும். பாலை நிறுத்தவைக்கும், புட்டியைத் தூக்கவைக்கும், வீட்டில் இருப்பவர்கள் அவளைக் குத்திக்காட்டவைக்கும். ஒரு மாதப் புள்ளியை வைத்து எதுவும் சொல்லாதே, மூன்று புள்ளியைச் சேர்த்துப் பார், நீளத்தைப் பார், குழந்தையைப் பார், நோயிருக்கிறதா என்று பார், அப்புறம் பேசு என்று எழுதுங்கள். பிறந்த முதல் வாரத்தில் அநேகமாக எல்லாக் குழந்தையும் கொஞ்சம் எடை இழக்கும், இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிடும் என்பதைக்கூட அறியாமல் மூன்றாம் நாளே புட்டிக்குப் போகும் அம்மாக்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

அந்த ஒல்லிப் பிள்ளையின் அம்மாவிடம் அன்றைக்குப் பலகையைக் காட்டி, விரலை 67இல் வைத்து, "இவ தேறாம இல்லம்மா, நீளமா வளர்ந்துக்கிட்டிருக்கா. பாலை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன். நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தோம், 67.1 வந்தது. மற்றக் குழந்தையின் அம்மாவோடு பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாரும் கொஞ்சும் குழந்தைக்கு ஒரு குறை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? குழந்தை எத்தனை மாதத்தில் பிறந்தது, எத்தனை முறை வயிற்றுப்போக்கு வந்தது, கர்ப்பத்தில் சர்க்கரை பார்த்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். மருத்துவரைப் பார்க்க அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டு பேரும் வருவார்கள். அன்றைக்கும் கூட ஒரு ஆள் இருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்யும் இடத்தில் இருப்பது நீங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளை எடை போடும் மேசையிலிருந்து ஒருவர்